காரணம் எழுதப்படாத மஞ்சள் நாற்காலி

துருவுக்குத் தீராப் பகைவரே! தேய்ந்த சக்கரங்களின் தாய்வீடே! பிறர் வேண்டாமென ஒதுக்கியதை வாங்கி, கழற்றி, கழுவி, கண்ணும் கருத்துமாய்ப் பூட்டி, காத்திருப்போர் கைகளில் சேர்த்த கருணையே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் உதவிக் கருவி மையத்தின் பழுதுபார்க்கும் மேசையைக் கட்டி ஆண்டவரே! சம்பளப் பட்டியலில் எந்தப் பெயர் இருந்தாலும் இந்தத் தெரு முழுவதற்கும் 'ஸ்பேனர் அக்கா'வாகவே விளங்கும் எங்கள் அன்பு அக்காவே! வணக்கம்.

யார் வீட்டு மாடிப்படியின் அடியிலோ ஒட்டடை படிந்து கிடந்த வாக்கர், உங்கள் கை பட்ட மறுவாரமே இன்னொரு வீட்டின் கூடத்தில் நடை போடும். எந்தச் சக்கர நாற்காலியையும், நீங்கள் அதில் உட்கார்ந்து, கையில் தளும்பத் தளும்பத் தேநீர்க் குவளையோடு வாசற்படிச் சரிவில் ஏறி இறங்காமல், வெளியே அனுப்பியதே இல்லை. ஒரு சொட்டுச் சிந்தினாலும் அது மறுபடி மேசைக்குப் போகும். "வெயிட் தாங்குதான்னு பாக்கணும், நீங்க ஏறி உக்காருங்க" என்று நீங்கள் கூப்பிடும் போதெல்லாம், தொண்ணூற்றிரண்டு கிலோ எடையுள்ள நம் ஓட்டுநருக்கு டீசல் போடும் வேலை திடீரென்று நினைவுக்கு வந்துவிடும். அவரும் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

ஆனால் அக்கா, உங்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது ஸ்பேனர் பிடிப்பது அல்ல, ஒரு கேள்வி. கொடுத்த பொருள் திரும்பி வரும்போது, பெரியவர்களுடையது என்றால் "எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்பீர்கள். குழந்தைகளுடையது என்றால் "பாப்பா வளர்ந்துட்டாளா?" என்பீர்கள். இதைத் தவிர வேறு கேள்வி உங்கள் வாயில் வந்ததில்லை. நல்லதைக் கேட்டால், அந்த நல்லது நடக்காதவர்கள் தலையை மட்டும் அசைத்தால் போதும். கெட்டதை எவர் வாயாலும் சொல்லவைக்கக் கூடாது என்பது உங்கள் கணக்கு. தலை அசைந்ததும் நீங்கள் பொருளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வந்தவருக்கு ஒரு நாற்காலி போடுவீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து போனது அந்த மஞ்சள் நாற்காலி. நம்மிடம் இருந்தவற்றிலேயே மிகச் சிறியது. நான்கு வயதுச் சிறுமிக்காகப் போனது. "டாக்டர் ரொம்ப நாள் சொல்லலக்கா" என்று அவளுடைய அம்மா உங்கள் காதோடு சொன்னாராம். பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள். தொலைபேசி எண்ணும் உபயோகத்தில் இல்லை. விடுமுறை நாளொன்றில் பழைய முகவரிக்கு நீங்களே தேடிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியதையும் அறிவோம். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்கும்போது, அதைத் தொலைந்தவற்றில் சேர்க்கலாமா என்று கேட்டால், உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தொலையல. எங்கேயோ உழைச்சுக்கிட்டு இருக்கு" என்பீர்கள். அந்த நாற்காலி திரும்ப வரவேண்டும் என்று நீங்கள் ஏங்கவில்லை. அது வருகிற அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஏங்கினீர்கள்.

அது சென்ற மாதம் வந்தது. ஓய்வூதியத் தாள்களில் கையொப்பமிட நீங்கள் தலைமை அலுவலகம் போயிருந்த இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. சுமை ஆட்டோக்காரர் ஒருவர், "ஒரு வீட்ல இறக்கச் சொன்னாங்க" என்று வாசலில் வைத்தார். வரவேற்பு மேசையில் இருந்தவர் ரசீது எழுதினார், நன்றி சொன்னார், அட்டை கட்டினார், அவரை அனுப்பியும் வைத்தார். எந்த வீடு என்று கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டியதையும் கேட்கவில்லை. அவ்வாறு கேட்காமல் விட்ட நானே இந்த மடலை எழுதி, இப்போது உங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகும் மடலில் மன்னிப்பெல்லாம் எதற்கு என்று மற்றவர்கள் தடுத்தார்கள். சுவரில் தொங்கினால்தான் எனக்கு மறக்காது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து, "யார் வந்தாங்க? என்ன சொன்னாங்க?" என்று கேட்டீர்கள். "கேக்கலக்கா" என்றேன். திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் தரையில் உட்கார்ந்து நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். கால்பலகையை இரண்டாம் துளையில் பூட்டி அனுப்பியிருந்தீர்கள். அது கடைசித் துளைக்கு இறங்கியிருந்தது. இரண்டு துளைகளுக்கும் நடுவே சாண் வைத்து அளந்து, "இவ்வளவு வளர்ந்திருக்கா. இதுக்கு மேல நாற்காலிக்குச் சொல்லத் தெரியாது" என்றீர்கள். நான்கு நாட்கள் ஆட்டோ நிறுத்தங்களில் அலைந்தேன். அந்த மனிதரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அட்டையில் திரும்பிய காரணம் எழுதும் கட்டத்தில், தெரியாததை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மூன்றே நாளில் அதற்கு எண்ணெய் போட்டு, பிரேக்கை இறுக்கி, வரிசையில் அடுத்திருந்த குழந்தையின் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அனுப்பிய பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதைப் பார்க்க எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, அக்கா.

உழைப்பின் உருவே! பொறுமையின் பொருளே! நாளை முதல் உங்கள் மேசையில் வேறொருவர் உட்காருவார். வேலை நடக்கும், சக்கரங்களும் சுழலும். ஆனால் அந்தச் சிறுமி எங்கோ இருக்கிறாள் என்றால் அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. என்றாவது ஒருநாள், பெரிய நாற்காலி கேட்டோ, சும்மா பார்த்துவிட்டுப் போகவோ, அவள் இந்த வாசலுக்கு வரக்கூடும். நாங்கள் எல்லோரும் அதற்குப் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் முகத்தைப் பார்த்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். ஆகவே நோய் நொடியின்றி, நடை தளராமல், பார்வை மங்காமல் நூறாண்டு வாழ்க என்பதை நாங்கள் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. அவள் வரும்போது எங்களுக்கு அடையாளம் தெரியாது. நீங்கள் இருக்க வேண்டும், அக்கா.

இங்ஙனம்,
உங்கள் பிரிவைத் தாங்க இன்னும் பழகாத
மைய ஊழியர்கள் அனைவரும்