நோயாளி, ஒரு புள்ளி, போன்

இல்ல மேடம், வேற யார் மேலயும் பழியைப் போடாதீங்க. அந்த வரி நான் எழுதினதுதான். கையெழுத்துப் போடச் சொன்னா இப்பவே போடறேன். என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு எழுதுங்க, அது போதும்.

கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ரெக்கார்டு. அதுக்குள்ள பேர், ரத்த குரூப், போன்னு கட்டம் கட்டமா இருக்கும். நம்பர் வேணும்னா நோயாளி, ஒரு புள்ளி, போன்னு எழுதணும். வரிக்கு வரி அப்படி எழுதினா கை விட்டுப்போயிடும்ல? அதுக்கொரு குறுக்குவழி இருக்கு. இனிமே நோயாளியப் பத்திதான் பேச்சுன்னு மேல ஒரு தடவை சொல்லிட்டா, கீழ வெறும் போன்னு எழுதினாப் போதும். வீட்ல சாப்பாடு ஆச்சான்னு கேட்டா, யாரோட சாப்பாடுன்னா கேப்பாங்க? அந்த மாதிரி.

நான் என்ன பண்ணேன்னா, அதுக்குள்ளயே கிட்னி பிரிவோட ரெக்கார்டையும் திறந்து வெச்சேன், ரூம் நம்பர் எடுக்க. அப்ப அதுல போன் கட்டமே கிடையாது. போன வருஷம் கேட்டாங்கன்னு நானேதான் சேர்த்தேன். ரெண்டுலயும் போன் இருந்தா, கடைசியா திறந்ததைத்தான் எடுத்துக்கும். எர்ரரா? எங்க வந்துச்சு! ஏதோ ஒரு நம்பர் கிடைச்சா அதுக்குப் போதும்.

ஆமா, மத்த நாள்ல தானமா கிட்னி வந்தா, காத்திருக்கற நோயாளியை நர்ஸம்மாவே கூப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமைதான் கம்ப்யூட்டர் கூப்பிடும். பிரிவு ஆபீஸ் அன்னிக்கு லீவு. பூட்டின ரூம்ல போன் மூணு தடவை அடிச்சிருக்கு. நோயாளி எடுக்கலன்னு எழுதிட்டு அடுத்த ஆள். அவருக்கும் அதே ரூம்தான். கடைசியில கிட்னி வேற ஊருக்குப் போயிடும். எட்டு மாசத்துல நாலு தடவை. கூட்டற அம்மா ஒரு ஞாயித்துக்கிழமை தற்செயலா வந்து, போன் அடிக்கறதைக் கேட்டதாலதான் தெரிஞ்சுது, இல்லன்னா இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கும்.

நேத்து சரி பண்ணிட்டேன். என்ன பெரிய வேலை, நோயாளின்னு சேர்த்து ஒரு புள்ளி வெச்சேன். ஒழுங்காப் போகுதான்னு பாக்கணுமே. காத்திருக்கறவங்களுக்கு அடிச்சா வீணா ஆசை காட்டின மாதிரி ஆயிடும். அதனால லிஸ்ட்லேர்ந்து பேரை நீக்கின ஒருத்தரோட நம்பருக்கு அடிச்சேன். நாலு தடவையும் அவங்கதான் முதல் ஆள். போன திங்கக்கிழமைதான் டாக்டர் அவங்க பேரை எடுத்துட்டார், இனி இதயம் ஆபரேஷனைத் தாங்காதாம். அங்க ஒரு தடவையாவது அடிக்கட்டுமேன்னு இருந்துச்சு மேடம்.

முதல் ரிங் முடியறதுக்குள்ள எடுத்துட்டா. இதோ கிளம்பிட்டேங்க, பை கதவுகிட்டயே ரெடியா இருக்கு, எங்க வீட்டுக்காரர் அங்கதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறார், அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னா.

போனை அப்படியே வெச்சுட்டேன்.

இல்ல, பேரை எடுத்ததை இன்னும் அவகிட்ட சொல்லல. சாயங்காலம் வீட்டுக்குப் போனா பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சே, யாருன்னு கேட்டா. ராங் நம்பர்னு சொல்லிட்டேன்.

குடுங்க மேடம், எங்க கையெழுத்துப் போடணும்?