தண்ணீர் குடிக்காத டீச்சர்

"ஹலோ... ஆங், பானுமதி டீச்சர்தான் கண்ணு. சொல்லு... ஆமா, ஆமா, ஸ்கூல் லேபுலதான் இருக்கேன், பக்கத்துல யாருமில்ல. ரிசல்ட்டு வந்துருச்சா?"

காரிமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றில் உயிரியல் நடத்தும் பானுமதிக்கு ஒரு மாதமாக நீர்க்கடுப்பு, கூடவே குளிர்காய்ச்சல். தர்மபுரியில் கிருமிப் பரிசோதனை பார்க்கும் டாக்டர் கலைமதி அவளிடமே பன்னிரண்டாவது படித்தவள். அதுதான் பெரிய சங்கடம்.

"எந்த மாத்திரையும் கேக்கலையா? ... ஒண்ணுகூடவா? ... முழுசா போட்டேன் கண்ணு. பின்ன? சொன்னபடியேதான்."

சொல்லும்போதே முகம் சூடேறியது. ஜீன்கள் எப்படி விழிக்கும், எப்படி அடங்கும் என்று இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

"ம்... ம்... இல்ல, நெசத்தச் சொல்லிடறேன். சனி ஞாயிறு மட்டுந்தான் போட்டேன்... திட்டாத... தெரியுங்கண்ணு, நான்தானே உனக்கே சொல்லித் தந்தேன். மருந்து கொஞ்சமா வந்தா கிருமி சாவாது, உஷாராயிரும். சும்மா கெடந்த ஜீனை ஆன் பண்ணிக்கும்... ஆமா, ஆமா, பம்பு. உள்ள வர்ற மருந்த வெளிய எறைக்கற பம்பை நெறையச் செஞ்சுக்கும்... அப்படித் தாக்குப் புடிச்சு நின்னதுல, நெரந்தரமாவே மாறிக்கிச்சா? ... ஐயோ."

"ஏன்னா கேக்கற? ... அந்த மாத்திரைக்கு நெறையத் தண்ணி குடிக்கணும்னாங்க. குடிச்சா போவணும்ல? ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணியே வர்றதில்ல. காலையில வூட்டுல கெளம்பினா, சாயங்காலம் வூட்டுக்குப் போயித்தான்..."

தன்னிடம் படித்த பெண்ணிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறதே என்று கூனிக் குறுகிப் போனாள்.

"என்னது? உனக்கும் நீர்க்கடுப்பு வந்துச்சா? ... பன்னண்டாவது படிக்கறப்பவா? எங்கிட்ட ஏன் சொல்லல? ... வெளிய போவணும்னு கேட்டியா? எப்ப? ... என் கிளாஸ்லயா?"

பாடம் நடக்கும்போது யாரும் வெளியே போகக்கூடாது என்பது பானுமதியின் சட்டம். கட்டுப்பாடான வகுப்பு என்று தலைமையாசிரியர்கூட மெச்சுவார். கடைசி பெஞ்சில் உதட்டைக் கடித்துக்கொண்டு நெளிந்த பெண்ணை, கவனம் இல்லையென்று அவள்தான் எழுப்பி நிற்க வைத்தாள்.

"நிக்க வெச்சனே உன்ன... ஆமா, ஆமா. எல்லாரும் சிரிச்சாங்க... அழுவாத... நீ அழுவலியா? சரி, நான்தான்... ம், ஊசிதானா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துக்கறேன்... இன்னொண்ணா? கேளு கண்ணு."

அந்தக் கேள்வி மெதுவாகத்தான் வந்தது.

"இப்பவா? ... இப்ப படிக்கற புள்ளைங்களையும் வெளிய விடறதில்லையான்னா கேக்கற?"

இன்று காலையில்கூட ஒருத்தி விரலைத் தூக்கினாள். பானுமதி கரும்பலகையிலிருந்து திரும்பாமலே உட்காரச் சொல்லியிருந்தாள்.

"கண்ணு... பெல் அடிச்சிருச்சு. வெச்சிடறேன்."

போனைக் கட் செய்தாள். பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது.