நீண்டுபோன கல்யாண வீடியோ

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம கல்யாண வீடியோ நீண்டுபோச்சும்மே" என்றார் கணவர்.

"இன்னாது, நீண்டுபோச்சா?"

"அது வெளிநாட்டு கேமராவுல எடுத்தது. அதுல செகண்டுக்கு இருபத்திநாலு படம், நம்மூரு கணக்கு இருபத்தஞ்சு. அத்தப் பாக்காம வீடியோக்காரனுங்க இருபத்தஞ்சு கணக்குலயே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டானுங்க. அதான் வேகமா ஓடிச்சு, ஐயரும் எலி மாதிரி கீச்சுகீச்சுன்னு மந்திரம் சொன்னாரு. நேத்து நான் வேகத்தக் கொறச்சேன். அவரு கொரலு சரியாயிடுச்சு, வீடியோவும் கொஞ்ச நிமிஷம் கூடிடுச்சு."

அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கூடுன நிமிஷத்துல எங்கண்ணன் வர்றாரா? வீடியோவுல தன்னக் காணோம்னு கோச்சிகினு, இன்னிக்கி வரைக்கும் நம்ம வூட்டுப் படி ஏறல."

"புச்சா யாரும் வர மாட்டாங்கம்மே. இருக்கறவங்களே மெதுவா சாப்புடுவாங்க, அவ்ளோதான்."

திருக்கழுக்குன்றம் வரைக்கும் அந்த அம்மாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கணவரின் தோளைத் தட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வேகத்தக் கொறச்சிப் பாரேன். எங்கண்ணன் எங்க போனாலும் லேட்டாத்தான் வருவாரு."