அறுபதோடு நின்ற விளக்குகள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கோயில் துறவி கெய்ஷின் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! வலையை உலர்த்திவிட்டு வந்த மீனவத் தோழர்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

காகித விளக்கு விற்கும் தனி உரிமையை இவ்வாண்டு முதல் எனக்கே தருவதாகக் கோயில் சொல்கிறது. கை தட்டுகிறீர்களா? பொறுங்கள், கேட்டுவிட்டுத் தட்டுங்கள்!

சென்ற ஆண்டு அவ்வுரிமை தொகுபெய் முதலாளியிடம் இருந்தது. ஓபோன் திருநாளுக்கு வீடு வந்த நம் இறந்தோரை ஆற்றோடு வழியனுப்ப, அவர் முத்திரையிட்ட விளக்குதான் மிதக்க வேண்டும். அவருக்குக் கணக்குப் பார்த்தவன் நான். விலை ஐந்து சென் என்றால் ஊரின் நூறு வீடும் வாங்கும். பதிமூன்று என்றால் அறுபது வாங்கும். இருபது என்றால் இருபத்தைந்துதான். செய்யும் செலவோ ஒரு சென். எதில் லாபம் மிகுதி? அறுபதில்! அறுபதோடு நிறுத்துங்கள் என்று சொன்ன நாக்கு எது? இதோ, இந்த நாக்கு!

மகளை இழந்த இசோனோ கடைக்கு வந்தாள்.

"ஏழு வயசுப் பொண்ணுங்க அய்யா. அஞ்சு சென்தான் இருக்கு. ஒண்ணு செஞ்சு குடுங்க. உங்களுக்கும் நாலு சென் மிச்சந்தானே?"

முதலாளி சிரித்தார். "என் கணக்கப்பிள்ளையைவிட நல்லா கணக்குப் போடுறியே! உனக்கு அஞ்சுக்குக் குடுத்தா அறுபது பேரும் அஞ்சுக்கே கேப்பாங்க. உன் அஞ்சு வரும், அவங்ககிட்ட ஆளுக்கு எட்டு போயிடும். அடுத்த வருஷம் பாக்கலாம் போம்மா."

"அதுவரைக்கும் எம் பொண்ணு நுய் எங்கய்யா நிப்பா?"

நான் தலை நிமிரவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்.

அந்தியில் அறுபது விளக்குகள் கடலை நோக்கிப் போயின. அவற்றுக்கிடையே, நீரின் மேல், கால் வைத்தாற்போலக் குழிகள் விழுந்தன. அவை ஓட்டத்தை எதிர்த்து, ஊரை நோக்கி வந்தன!

காலையில் கடைத் தரையெல்லாம் ஈரக் காலடிகள். உள்ளே வந்தவை நாற்பது இணை. வெளியே போனது ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு சின்னப் பாதங்கள்.

"என்ன விலை தருவீங்கன்னு கேட்டேன்டா," என்றார் முதலாளி, சுவரைப் பார்த்தபடி. "ஒருத்தரும் வாயத் திறக்கல. நிக்கிறாங்க."

பத்தாம் நாள் அவர் இறந்தார். பதினோராம் நாள் அந்த ஈரம் என் வாசலில் இருந்தது.

எனக்கா தனி உரிமை? வேண்டாம்! செய்யத் தெரிந்த கையெல்லாம் செய்யட்டும், எவரும் எங்கும் விற்கட்டும்! இம்மேடையில் நாற்பத்தொரு விளக்குகள் உள்ளன. ஒன்று முதலாளிக்கு. எதற்கும் விலையில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கடைசி வரிசைக்குப் பின்னால் நனைந்த காலோடு நிற்பவர்களே... தாய்மார்களே, தயவுசெய்து திரும்பாதீர்கள்... ஓராண்டு காத்து நின்ற உங்களுக்கும் நன்றி.

நுய், முன்னால் வா அம்மா. உன் விளக்கைத்தான் முதலில் ஏற்றுகிறேன். வணக்கம்.