செம்புக் கட்டியின் காய்ச்சல்

மாலை ஏழரை இருக்கும். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஓய்ந்துவிட்டது. பாடாங் செராய் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் அந்த ஒற்றை ரோட்டில் ஒரே ஒரு கார்… தொழிற்சாலையை நோக்கிப் போகிறது. வேலை விட்ட பஸ்கள் எல்லாம் எதிர்த்திசையில் எப்போதோ போய்விட்டன. இரண்டு பக்கமும் மரம். தெருவிளக்கு கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், காற்று அடிக்கிறது. காலையில் அலை அடங்கினால்தான் லங்காவித் தீவுக்குப் பெர்ரிப் படகு கிளம்பும். அதுவரை இந்தக் கோலா கெடா ஜெட்டியை விட்டு நாம் எங்கே போகப் போகிறோம்? நம் சசிதரனைத் தெரியுமல்லவா? அவனுடைய அண்ணன் தேவன் வேலை பார்க்கும் இடத்தில் நடந்தது இது. தேவனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும்.

காரில் போனவர் பெயர் சுகுமாரன். அந்தத் தொழிற்சாலையில் எஞ்சினியர், தேவனுக்கு மேலதிகாரி. அந்த நேரத்தில் அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மனைவி உமாராணி போய் எட்டு மாதம். ராத்திரியில் கண்ணை மூடினால் தூக்கம் வராது, வந்தாலும் நிற்காது. மனிதர் பாதியாகிவிட்டிருந்தார்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று தேவன் சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்களில் கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் குழாய்க்குள் விட்டு விரட்டு விரட்டென்று விரட்டுகிறார்களாம். விரட்டிய கதிர் எங்காவது போய் நிற்க வேண்டாமா? அதை முழுசாக விழுங்கிக்கொள்ள ஒரு கட்டி வேண்டும். நடுவில் கரி, சுற்றிலும் செம்பு, செம்புக்குள் தண்ணீர் ஓட வழி. ஓர் அரிசி மூட்டை அளவு இருக்கும். கதிர் உள்ளே போகும், வெளியே வராது. சூடு மட்டும்தான் மிஞ்சும். அந்தச் சூட்டை எப்படி இறக்குவது என்று கணக்குப் போடுவதுதான் சுகுமாரனின் பிழைப்பு. சூடு இறங்கினால் கட்டி பிழைத்தது, இறங்காவிட்டால் உருகியது. இருபது வருஷமாக அவருக்கு இந்த ஒரே பாடம்.

செய்த கட்டியைச் சோதிக்க அங்கேயே ஒரு சின்ன இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் கூடத்துக்கு ஆள் உயரத்துக்கு மேல் தடித்த கான்கிரீட் சுவர். வாசலிலிருந்து நேராக உள்ளே போக முடியாது. ஒரு வளைவில் திரும்பிப் போக வேண்டும். உள்ளே போனால் கைப்பேசிக்குச் சிக்னல் செத்துவிடும். இன்னொரு வழக்கமும் உண்டு. கூடத்தைப் பூட்டுமுன் ஒருவர் அந்த வளைவில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை என்றால்தான் கதவைச் சாத்தலாம். உள்ளே ஆள் இருக்கும்போது இயந்திரத்தைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

உமாராணிக்கு வந்தது டிங்கிக் காய்ச்சல். நாலு நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. சுகுமாரன் லீவு போட்டுக் கூடவே இருந்தார். பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார், பாதத்தில் கோடாலித் தைலம் தேய்த்தார். ஐந்தாம் நாள் காலை தொட்டுப் பார்த்தார்… நெற்றி ஜில்லென்று இருந்தது.

"இறங்கிடுச்சு லா உமா! இனிமே பயமில்ல," என்றார்.

"ரொம்ப அசதியா இருக்குங்க. கிளினிக்குக்குப் போயிட்டு வந்துருவோமா?"

"சூடுதான் இறங்கிடுச்சே. இன்னிக்கு டெஸ்டு இருக்கு, முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

டிங்கியில் சூடு இறங்கும் நேரம்தான் கண்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லியிருப்பார்கள், ஆனால் காதில் ஏறியிருக்காது. அவர் பார்த்த உலகத்தில் சூடு இறங்கினால் நல்லது. அன்று முழுக்க, டெஸ்டுக்குக் கட்டியைப் பொருத்திக்கொண்டு, அவர் அந்தக் கூடத்துக்குள் இருந்தார். சாயங்காலம் வெளியே வந்தபோது கைப்பேசியில் வரிசையாக உமாராணியின் அழைப்புகள். அப்புறம் பக்கத்து வீட்டு நவமணி அக்காவின் அழைப்புகள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

சரி… இப்போது அந்த மாலைக்கு வருவோம். சோதனை இயந்திரம் பழுதாகி மூன்று வாரம். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கதிர் இல்லை, இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டி சும்மா கிடக்கிறது. பக்கத்தில் போகலாம், தொடலாம், ஆபத்தில்லை. சுகுமாரன் கண்காணிப்பு அறைக்குள் போனபோது தேவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இத பாருங்க. ஏர்கோன் இருபத்திரண்டுல ஓடுது. கட்டி முப்பத்தேழு காட்டுது."

"சென்சார் கெட்டுப் போயிருக்கும்."

"ரெண்டு தடவ மாத்திட்டேண்ணே."

இருவரும் உள்ளே போனார்கள். சுகுமாரன் செம்பின்மேல் கை வைத்தார். வெதுவெதுப்பு… அடுப்பில் வைத்த பாத்திரத்தின் சூடு அல்ல அது. தூங்குகிற ஆளின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முப்பத்தெட்டு. அதற்கு மறுநாள் முப்பத்தொன்பதைத் தாண்டியது. தேவன் பம்பைப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டான். கடகடவென்று ஓடிய தண்ணீர் போனபடியே பச்சைத் தண்ணீராகத் திரும்பி வந்தது. கட்டி அசையவில்லை. கூடத்தில் எப்போதும் எண்ணெயும் இரும்பும் கலந்த வாடைதான் வரும். இப்போது வளைவில் திரும்பும்போதே வேறொரு வாசம்… இடித்த பப்பாளி இலை. அந்தக் கசப்பு மூக்கில் ஏறி நாக்குவரை இறங்கியது. சுகுமாரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு நாள் கட்டியின் சூடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை தேவன் உற்சாகமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, இறங்குது! முப்பத்தாறுக்கு வந்திருச்சு. சரியாயிருச்சு லா!"

சுகுமாரனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இறங்கக் கூடாது தேவா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"இறங்க விடக் கூடாது. பம்ப நிறுத்து. நான் உள்ள போறேன்… என்னைக் கூப்பிடாத."

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். வளைவைத் தாண்டியதும் உலகத்துச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. ஏர்கோன் மட்டும் எங்கோ உஸ்ஸென்று… தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டியைப் போர்த்தினார். இரண்டு உள்ளங்கையையும் செம்பின்மேல் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சூடு குறைவது கையிலேயே தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக… நிற்காமல்…

"உமா, இங்கதான் இருக்கேன்," என்றார். "இன்னிக்கு எங்கயும் போகல."

படித்தவர், கணக்குத் தெரிந்தவர், ஒரு செம்புக் கட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். எட்டு மாதமாக அழாத அழுகை. கன்னத்தைச் செம்பின்மேல் வைத்துக்கொண்டார். பப்பாளி இலை வாசத்தோடு கோடாலித் தைலத்தின் நெடியும் சேர்ந்து வந்தது. எப்போது கண் சொருகியது என்று அவருக்கே தெரியாது.

விழித்தபோது விடிந்திருந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரே மூச்சில் தூங்கியிருக்கிறார். செம்பு சில்லிட்டுக் கிடந்தது. சாதாரணச் செம்பு. கட்டியின்மேல் போர்த்திய ஜாக்கெட் அவருடைய தோள்மேல் இருந்தது. தானே இழுத்துப் போர்த்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

வாசலுக்கு வெளியே, திறந்த கதவின் பக்கத்தில், தேவன் தரையில் குந்தியிருந்தான். வீட்டுக்குப் போகவே இல்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஏன் தேவா இங்க உட்காந்திருக்க? பூட்டற நேரத்துல வந்து எழுப்பியிருக்கலாமே?"

தேவன் எழுந்து வளைவைக் காட்டினான்.

"கூப்பிட்டேண்ணே. வளைவுல நின்னு, வழக்கமா கூப்பிடற மாதிரி, உள்ள யாராச்சும் இருக்கீங்களான்னு…"

"எனக்குக் கேக்கலையே."

"பதில் வந்துச்சுண்ணே." குரலைத் தாழ்த்தினான். "பொம்பளக் குரல். 'சத்தம் போடாதீங்க தம்பி… இப்பதான் தூங்குறாரு'ன்னு."

தோட்டத்தில் ஏதோ பறவை கத்தியது. கடைசியில் சுகுமாரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கோவமா இருந்துச்சா, அந்தக் குரலு?"

"இல்லண்ணே. புள்ளைய தூங்க வச்ச அம்மா பேசற மாதிரிதான் இருந்துச்சு."

சுகுமாரன் தலையாட்டினார். அப்போதுதான் புருவத்தில் ஏதோ வழிவதுபோலிருக்க, கையை உயர்த்தித் துடைத்தார். நெற்றி ஈரமாக இருந்தது. பம்பை முந்தின மாலையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூடத்துக்குள் வேறு குழாய் கிடையாது. வளைவைத் தாண்டித் திரும்ப உள்ளே போய்ப் பார்த்தார்கள். கட்டிக்குப் பக்கத்தில், அவர் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தில், ஒரு துணி கிடந்தது. நாலாக மடித்துப் பிழிந்த துணி… உமாராணியின் பழைய நீலக் கைலியிலிருந்து கிழித்தது. காய்ச்சலின்போது அவர்தான் கிழித்தார். அவளோடு சேர்த்து அதையும் எரித்தாகிவிட்டது.

அந்தக் கட்டியை இப்போது கப்பலில் அனுப்பிவிட்டார்கள். சுகுமாரன் தூங்குகிறாராம், நன்றாகவே தூங்குகிறாராம். கூடத்தைப் பூட்டும் வேலை இன்னும் தேவனிடம்தான். வளைவில் நின்று உரக்கக் கூப்பிட வேண்டும் என்பது சட்டம்; சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள்.

தேவன் மட்டும் மெதுவாகத்தான் கூப்பிடுகிறான்.