மூச்சுக் கண்ணாடி

— அந்தக் கண்ணாடியை நீங்களே வந்து அவகிட்ட இருந்து வாங்கிக்கணும், டீச்சர். நான் கேட்டா தரமாட்டேங்குறா.

— அக்கா, முதல்ல உட்காருங்க. அந்த பெஞ்சு வேணாம், அது மூணாம் வகுப்புப் பிள்ளைங்க உட்கார்றது, முட்டி இடிக்கும். இந்த நாற்காலிக்கு வாங்க.

— உட்கார வரல. ஷிஃப்டை மாத்திக்கிட்டு வந்திருக்கேன். நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குத்தான் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம், சரி, சின்னப் பொண்ணு, இன்னும் முழு டீச்சராவே ஆகல, ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கு, முதல்ல நேர்ல கேட்டுடுவோம்னு திரும்பிட்டேன்.

— நாளையோட என் ட்ரெய்னிங் முடியுதுக்கா. எங்க காலேஜ் மேடம் வந்து உட்கார்ந்து கடைசி மார்க் போடுறாங்க. அதாவது, உங்களுக்கு என் மேல ஏதாவது குறை இருந்தா…

— உங்க மார்க்குக்குக் குறுக்க நான் நிக்கல. அவங்கப்பா போய் இன்னையோட பன்னெண்டு நாள். என் பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், அதைச் சொல்லுங்க.

— எனக்குத் தெரியும்க்கா. அஞ்சு நாள் கழிச்சு வகுப்புக்கு வந்தா. பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டேன். ‘குட்டி, வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க’ன்னு கேட்டேன். ‘இருக்காங்க டீச்சர்’னா. அவ்வளவுதான்.

— இருக்காங்களா இல்லையான்னு தினம் பார்க்கிறாளே, அதான் சொல்லியிருக்கா. டீச்சர், செவ்வாய்க்கிழமை விடியக்காலையில மூக்கு மேல ஜில்லுன்னு ஏதோ பட்டுச்சு. கண்ணை முழுசாத் தொறக்காம லேசா பார்த்தா, குட்டி. பக்கத்துல மண்டி போட்டுக்கிட்டு, அந்தக் கண்ணாடியை என் மூக்குக்கு நேரா பிடிச்சுக்கிட்டு இருக்கா. அப்புறம் ஜன்னல்கிட்ட கொண்டு போய்ப் பார்க்குறா. துடைக்குறா. மறுபடி வந்து வைக்குறா.

— மூணு தடவையா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் சொல்லிக் குடுத்ததுதான். ஒரு தடவை பார்த்ததை நம்பாதே, மூணு தடவை பாருன்னு.

— நல்லா சொல்லிக் குடுத்தீங்க போங்க. நேத்தும் பார்த்தா, இன்னைக்கும் பார்த்தா. நான் தூங்குற மாதிரியே கிடக்குறேன். தப்பித்தவறி கண்ணாடியில ஆவி படியாம போயிட்டா புள்ள என்ன ஆகும்னு வேணும்னே மூச்சை இழுத்து இழுத்து விடுறேன். பெத்தவ உசுரோட இருக்கேன்னு புள்ளைக்கு நிரூபிக்க வேண்டியிருக்கு. இந்தக் கொடுமை யாருக்காவது உண்டா?

— அக்கா…

— அழாதீங்க. அழ வேண்டியவ அழல, நீங்க ஏன் அழறீங்க? கண்ணாடியில மூச்சு பார்க்குற வேலையை எதுக்குப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? அதைச் சொல்லுங்க.

— சொல்றேன். அதாவது, எங்க பாடம் ‘உயிருள்ளவை, உயிரற்றவை’. அதோ சுவத்துல அட்டை தொங்குதே, அதுதான். முன்னெல்லாம் டீச்சரே பட்டியலைச் சொல்லிடுவாங்க, பிள்ளைங்க மனப்பாடம் பண்ணும். இப்போ எங்களுக்கு அப்படிப் பண்ணக்கூடாதுன்னு ட்ரெய்னிங். பிள்ளைங்களே பார்த்து, தொட்டு, சண்டை போட்டு முடிவுக்கு வரணும். அவங்க கேள்வி கேட்டா நான் பதில் சொல்லக்கூடாது. ‘நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி’ன்னு அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துடணும்.

— கேள்வி கேட்டா பதில் சொல்லக்கூடாதுன்னு டீச்சருக்கு ட்ரெய்னிங்கா? நல்லாயிருக்கு கதை.

— கேட்கத்தான் ஒரு மாதிரி இருக்கும்க்கா. அன்னைக்கு வகுப்பைப் பார்த்திருக்கணும் நீங்க. பஸ்ஸுக்கு உயிர் இருக்குன்னு பாதிப் பிள்ளைங்க அடிச்சுச் சொல்லுது. நகருது, கத்துது, டீசல் குடிக்குது, புகை விடுதுன்னு. ‘உயிருள்ளது குட்டி போடுமே, பஸ்ஸுக்கு ஏது குட்டி’ன்னு கேட்டேன். ‘மினி பஸ்’னு சொல்லுது பின் பெஞ்சுல ஒன்னு.

— ம். அதைக் குட்டி வந்து சொன்னா. அவங்கப்பாகிட்ட சொன்னா. அவர் படுத்த படுக்கையில இருந்தும் சிரிச்சார். சிரிச்சா இருமல் வரும், வந்தாலும் பரவாயில்லன்னு சிரிச்சார்… அதெல்லாம் இருக்கட்டும். கண்ணாடிக்கு வாங்க.

— அப்புறம் மூச்சுப் பத்தி வந்தது. மூக்குக்கிட்ட கையை வச்சுப் பார்க்கணும், அதுதான் புத்தகத்துல இருக்கு. கண்ணாடி வந்து… கண்ணாடி…

— ஏன் இழுக்குறீங்க?

— கண்ணாடி நான் குடுக்கலக்கா.

— பின்ன? ‘டீச்சர் கண்ணாடியில மூச்சுப் பார்க்க வச்சாங்க’ன்னு எங்க தெருப் புள்ளைங்க அத்தனையும் சொல்லுதே?

— வகுப்புல எல்லாரையும் பார்க்க வச்சது நான்தான். ஆனா கண்ணாடியைக் கொண்டு வந்தது குட்டி. பதினாலாம் தேதி, திங்கட்கிழமை. நான் கையை வச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன், அவ எழுந்து நின்னு, ‘கை வச்சா சில நேரம் தெரியாது டீச்சர், மூச்சு மெல்லிசா இருந்தா தெரியாது, கண்ணாடின்னா தெரியும்’னா. பையில இருந்து எடுத்தா. கைக்கு அடக்கமா, ஓரத்துல பச்சை பிளாஸ்டிக்.

— அது அவர் சவரம் பண்ற கண்ணாடி.

— எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. மூணாம் வகுப்புப் பிள்ளை தானா யோசிச்சு ஒரு சோதனை சொல்லுதே, இதுக்குத்தானே பாடுபடுறோம்னு கை தட்ட வச்சேன். முப்பத்தெட்டுப் பிள்ளைங்களும் தட்டுச்சு. ‘மூச்சு மெல்லிசா இருந்தா’ன்னு சொன்னாளே, யார் மூச்சுன்னு நான் கேட்கல. ‘உனக்கு எப்படித் தெரியும்’னு தினம் நூறு தடவை அவங்களைக் கேட்குறவ, அன்னைக்கு அவளைக் கேட்கல. இன்னொன்னும் சொல்லிடுறேன். நாளைக்கு மேடம் பார்க்கப் போற என் பாடக் குறிப்புல, கண்ணாடிச் சோதனை நானே யோசிச்சதுன்னு எழுதியிருக்கேன். போன தடவை மேடம் பாராட்டினாங்க. வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.

— அதை உங்க மேடத்துக்கிட்ட சொல்லிக்குங்க. எனக்கு எதுக்கு? நீங்க சொல்லிக் குடுக்கலன்னா, குட்டி எப்போ இருந்து அவருக்கு வச்சுப் பார்த்தா?

— நோட்டுல இருக்கும். பிள்ளைங்க வீட்டுல ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, தினம் பார்த்து எழுதணும், கவனிப்பு நோட்டுன்னு பேரு. ஒருத்தன் எறும்புப் புத்து, ஒருத்தி ஒழுகுற குழாய்…

— நீல அட்டை போட்டதா? இந்தாங்க. தலையணைக்கு அடியில வச்சிருந்தா. அவ குளிக்கப் போன நேரம் எடுத்துட்டு வந்தேன். கண்ணாடியை மட்டும் கையோட கொண்டு போயிட்டா.

— நீங்க படிச்சீங்களாக்கா?

— மொத வரியில ‘அப்பா’ன்னு எழுதியிருந்தது. மூடிட்டேன். நீங்க படிங்க.

— ‘கவனிக்கும் பொருள்: அப்பா. தேதி மூன்று. காலை ஆறு மணி. படிந்தது.’

— மூணாம் தேதியா?

— ஆமாக்கா. நாலாம் தேதி, ‘படிந்தது’. அஞ்சாம் தேதி, ‘படிந்தது, கொஞ்சம்தான்’. தினம் இருக்கு.

— ரெண்டாம் தேதி சாயங்காலம்தான் டாக்டர் கையை விரிச்சார். நாள் கணக்குதான்னு. நான் என் அண்ணனுக்கு மட்டும் போன் பண்ணினேன். சமையலறையில, குழாயைத் தொறந்து விட்டுக்கிட்டு, குட்டி காதுல விழக்கூடாதுன்னு. விழுந்திருக்கு. அன்னைக்கு ராத்திரியே வந்து என்னைக் கேட்டா, டீச்சர். ‘அம்மா, அப்பா செத்துடுவாரா’ன்னு கேட்டா. ‘வாயைக் கழுவு, பத்தே நாள்ல எழுந்து உட்கார்ந்துடுவார் பாரு’ன்னு அதட்டினேன். அவங்க மாமாவைக் கேட்டிருக்கா, பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்டிருக்கா. எல்லாரும் நான் சொல்லி வச்சதையே சொன்னாங்க.

— அதனாலதான் தானே பார்த்திருக்கா.

— ஆமா. நாங்க சொன்னதை நம்பல. கண்ணாடியை நம்பினா.

— எட்டு வயசுல இதைத் தனியா… பதினேழு நாள்.

— கடைசிப் பக்கத்துக்குப் போங்க. சனிக்கிழமை. அன்னைக்கு அவளுக்கு அரை நாள் ஸ்கூல். நான் ஆறு மணிக்குத்தான் வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை போன் பண்ணுச்சு, ஆனா மிஷினை விட்டு நகர முடியல, ஆள் மாத்திவிட நேரமாயிடுச்சு. என் புள்ள அந்த நேரத்துல என்ன பண்ணினான்னு எனக்குத் தெரியணும். படிங்க.

— வேணாம்க்கா.

— படிங்க டீச்சர்.

— ‘தேதி பத்தொன்பது. மூன்று பத்து. படியவில்லை. என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். படிந்தது. கண்ணாடி சரியாக இருக்கிறது. துடைத்தேன். மூன்று இருபது. படியவில்லை. மூன்று முப்பது. படியவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன்.’ அக்கா, தண்ணி குடிங்க. இந்தாங்க.

— இருபது நிமிஷம். கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம். ஓடிப்போய் யார் மடியிலாவது விழுந்திருக்கலாம். மூணு தடவை பார்க்கணும்னு இருபது நிமிஷம் அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா. டீச்சர் பேச்சு அவளுக்கு அப்படி ஒரு வேதவாக்கு.

— என்னை அடிச்சிடுங்கக்கா.

— உங்களை அடிச்சு நான் என்ன காணப் போறேன்? நான் உண்மையைச் சொல்லியிருந்தா அவ கண்ணாடியையே எடுத்திருக்க மாட்டா. அது என் பாவம், நான் சுமந்துக்குறேன். ஆனா ஒன்னு எனக்குப் புரியல. அவர்தான் போயிட்டார், அவளே பார்த்து எழுதிட்டா. அப்புறம் ஒன்பது நாள் சும்மாதான் இருந்தா. கண்ணாடியைத் தொடவே இல்ல. இந்தச் செவ்வாய்க்கிழமை திடீர்னு எதுக்கு என் மூக்குல வைக்க ஆரம்பிச்சா?

— செவ்வாய்க்கிழமையா?

— செவ்வாய் விடியக்காலை. திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா, நோட்டை நெஞ்சோட கட்டிக்கிட்டுப் படுத்தா. காலையில இந்தக் கூத்து.

— திங்கட்கிழமைதான்… நான் நோட்டெல்லாம் திருத்தித் திருப்பிக் குடுத்தேன்.

— அப்போ இதையெல்லாம் அன்னைக்கே படிச்சிருக்கீங்களா? படிச்சுட்டா ஒன்னும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?

— படிக்கலக்கா. திங்கட்கிழமை மேடம் நோட்டுப் பார்க்க வர்றதா இருந்தது. சனி, ஞாயிறு ரெண்டே நாள், முப்பத்தெட்டு நோட்டு. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி டிக் போட்டேன். முன்னாடி வாரங்களும் அப்படித்தான். பக்கம் நிறைஞ்சிருக்கான்னு மட்டும் பார்ப்பேன்.

— நான் மாத்திரை டப்பா பேக் பண்ற இடத்துல இருக்கேன், டீச்சர். உள்ள பார்க்காம ஒரு டப்பாவுக்கு சீல் போட்டாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. யாரோ ஒருத்தர் வாயில போடுறதாச்சேன்னு ஒவ்வொன்னா பார்ப்போம். சரி. அந்தப் பக்கம் அதோட முடிஞ்சுதா? கீழ கோடு போட்டு இன்னும் ஏதோ எழுதியிருக்காளே.

— அது… ஒவ்வொரு பக்கத்துலயும் அடியில ‘என் கேள்வி’ன்னு ஒரு இடம் இருக்கும். பிள்ளைங்க கேட்க நினைக்கிறதை அதுல எழுதணும்.

— என்ன கேட்டிருக்கா?

— அக்கா, நான் இப்பவே உங்களோட வீட்டுக்கு வர்றேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நான் பேசுறேன். வாங்க, போலாம்.

— போலாம். முதல்ல இதைப் படிங்க.

— ‘என் கேள்வி: அடுத்தது அம்மாவா?’

— … ஐயோ, என் தங்கமே.

— அக்கா…

— இருங்க. அதுக்குக் கீழ சிவப்பு மையில ஏதோ இருக்கே. அது குட்டி எழுத்து இல்லையே.

— என் எழுத்து. படிக்காமலே முப்பத்தெட்டு நோட்டுலயும் இதே வரியைத்தான் எழுதினேன்.

— என்ன எழுதியிருக்கீங்க?

— ‘நல்ல கேள்வி! தினமும் கவனித்து நீயே கண்டுபிடி.’