மூக்குக்குள் முளைக்கும் நரம்பு

போடியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயிலில் ஓர் அம்மா கருவாட்டுக் கூடையை ஏற்றியதும், பெட்டியே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியது. ஏலக்காய் வியாபாரிகள் இருவர் மட்டும் கூடைக்குப் பக்கத்திலேயே சாவகாசமாக உட்கார்ந்தார்கள். மூத்தவர் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

“அம்பது வயசுக்கு மேலயும் மூக்குக்குள்ள புது நரம்பு மொளைக்குமாம் தம்பி. டாக்டரு சொன்னாரு.”

“ஒங்களுக்குத் தலையிலயே ஒண்ணும் மொளைக்கலையேண்ணே.”

“சிரிக்காத. அந்தக் காய்ச்சலு வந்து போனதுலருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. ரெண்டு வருசமாச்சு. பழைய நரம்பு செத்தாலும் புதுசு வருமாம். ஆனா வெரசா வராதாம். தெனமும் கிராம்பு, எலுமிச்சம்பழம்னு மோந்து பழகச் சொன்னாரு.”

“பெறகு எப்படிண்ணே ஏலத்துல காய் வாங்குறீங்க? சாம்பிளு தட்டு வந்தா ஒரு காயப் பிச்சு மோந்து, அப்படியே கண்ண மூடிக்கிருவீங்களே!”

“அது சும்மா நடிப்புப்பா. மூடுன கண்ண லேசாத் தெறந்து ஒன்னியத்தான் பாப்பேன். நீ தலையாட்டுனா வெல கேப்பேன். வெளிய சொல்லிராத, சோலி முடிஞ்சுரும்.”

இளையவர் சிரிப்பை நிறுத்தினார். தேனி தாண்டியதும் மூத்தவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

“அண்ணே, எனக்கும் அதே காய்ச்சல்தான். நீங்க கண்ண மூடுறதப் பாத்துத்தானே நான் தலையாட்டுனேன்.”

மூத்தவர் கூடையைப் பார்த்தார், பிறகு இளையவரைப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு வருசமா நம்ம வாங்குன காயெல்லாம் மோந்து பாத்தது யார்ரா?”